கொலஸ்ட்ரால் நார்மல்... அப்புறம்?



எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் பேங்க் சலானோ, ரேஷன் கார்டு மனுவோ, டாக்டர் சீட்டோ, எது வந்தாலும் "படிச்சவன் நீதானே, என்னன்னு பாரு" என்று என் கையில் கொடுத்துவிடுவார்கள். போன வருடம் சித்தப்பா ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டினார். நான் முதல் வரியை மட்டும் பார்த்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 182. பக்கத்திலேயே '200-க்குக் கீழ்' என்று அச்சடித்திருந்தது. "நார்மல்தான் சித்தப்பா" என்று மடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாவது மாதம், மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து அகரத்துக்கு வந்தவர், நெஞ்சு எரியுது, கேஸா இருக்கும் என்று சோடா வாங்கிக் குடித்தார். கேஸ் இல்லை, மாரடைப்பு. வயது 46. எப்படியோ பிழைத்துவிட்டார். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டை நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் மெக்கானிக்கல் பசங்க. பாய்லரில் பிரஷர் கேஜை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்வோமா? தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும், சேப்டி வால்வு வேலை செய்கிறதா பார்க்க வேண்டும். மொத்தக் கொலஸ்ட்ரால் என்பது ஒரே ஒரு கேஜ்.

சித்தப்பா ரிப்போர்ட்டின் கீழ் வரிகளில் இருந்தது இது: நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 31 (ஆண்களுக்கு 40-க்கு மேல் இருக்க வேண்டும்). டிரைகிளிசரைடு 240 (150-க்குள் இருக்க வேண்டும்). மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்தால், 182-31=151. இதற்கு 'நான்-எச்.டி.எல்.' என்று பெயர். இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஆபத்து குறைவாக உள்ளவருக்கே இது 130-க்குள் இருக்க வேண்டும். ஒரு கழித்தல் கணக்கு. செமஸ்டரில் இன்டக்ரேஷன் போடுகிற நான் அதைப் போடவில்லை.

இன்னும் நுட்பமான சோதனை 'அப்போ-பி'. நம் கரூர் ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கொலஸ்ட்ரால் என்பது மூட்டை, அதை ஏற்றிப் போகும் துகள் என்பது வண்டி. சாதாரண டெஸ்ட் மூட்டையை எடை போடுகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் போய் முட்டுவதோ வண்டி. ஒவ்வொரு கெட்ட துகளிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால், அதை அளந்தால் வண்டிகளை எண்ணிவிட்ட மாதிரி. நம் ஊர்க்காரர்கள் பலருக்கு மூட்டை குறைவு, சின்னச் சின்ன வண்டிகள் அதிகம்.

மூன்றாவது, 'லிப்போபுரோட்டீன் ஏ'. 1963-இல் நார்வே நாட்டு டாக்டர் கோரே பெர்க் கண்டுபிடித்தது. இது பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது. பத்தியம் இருந்தாலும் ஓடினாலும் பெரிதாக மாறாது. அதனால் ஆயுளில் ஒருமுறை பார்த்தாலே போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். சித்தப்பாவுக்கு இது அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கால்சியம் அளவைப் பார்க்கும் சி.டி. ஸ்கேன் என்றும் ஒன்று உண்டு. அது எல்லோருக்கும் தேவையில்லை, டாக்டர் சொன்னால் போதும்.

பணம் கொடுத்துச் செய்யும் டெஸ்டுகளைச் சொல்லிவிட்டு, காசில்லாமல் பார்ப்பதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மாரடைப்பு ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணங்களில் அடக்கிவிடலாம் என்றது அது. புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை, மன உளைச்சல் எல்லாம் அதில் வரும். நம் தெற்காசியாவில் முதல் மாரடைப்பு 53 வயதுவாக்கில் வருகிறது, மற்ற இடங்களில் 59 என்றும் அதே ஆய்வில் தெரிந்தது.

தொப்பைக்குத் தையல்கடை டேப் போதும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. ஒல்லியான கை காலைப் பார்த்து ஏமாறாதீர்கள், சித்தப்பாவும் ஒல்லிதான், வயிறு மட்டும் முன்னால் வரும். பிரஷரும் சர்க்கரையும் பார்க்க, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்தபோது சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நைட் ஷிப்ட்காரரை யார் எழுப்புவது?

குறைக்கிற வழியில் முதலிடம் புகைக்குத்தான். புகையிலைக்குப் பேர்போன ஊர் நம் திண்டுக்கல், சொன்னால் கோபம் வரும். ஆனால் பீடியை விட்ட ஒரே வருடத்தில், அதனால் கூடியிருந்த இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். எந்த மாத்திரையும் இவ்வளவு மலிவாக இதைச் செய்யாது. அடுத்து ஊறுகாய், கருவாடு, அப்பளம். உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூன் போதும். மலைபோல் சோறு வைத்து, ஓரமாகக் கொஞ்சம் பொரியல் வைப்பதைத் தலைகீழாக்கினால் டிரைகிளிசரைடும் இறங்கும். டாக்டர் கொடுத்த ஸ்டாடின் மாத்திரையை 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்தக் கூடாது.

நெஞ்சு வலித்தால் சோடாக்கடை வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அவசர மாத்திரை கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

தம்பிக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்ததால் அப்பாவுக்கும் ஆபத்து கூடுதல். அவரோ "எனக்கு என்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அளந்தேன், 97 செ.மீ. டேப் பழசு என்றார். பொங்கல் லீவில் ரத்தம் கொடுக்க அழைத்துப் போகிறேன். நீயும் கொடுத்தால்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு ஊசி என்றால் பயம். அதை அவரிடம் சொல்லவில்லை.