புவியியல் வேறு, புவிச்சரிதவியல் வேறு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் பல மாதங்களாக ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களுக்கு அதிகாரிகள் வந்து போயினர். சரிவுகளை அளந்தனர். நிலத்தின் வெடிப்புகளுக்கு இருபுறமும் கட்டைகள் நட்டு, இடைவெளி கூடுகின்றதா எனப் பார்த்தனர். மழைமானியை எப்படி வாசிப்பது என்று இளைஞர்களுக்குக் காட்டிக் கொடுத்தனர்.

அவ்வேளையில் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு மாணவி எமது நிலையத்துக்கு வந்து கேட்டாள்: "மலையப் பாத்துச் சொல்றாங்களே, அந்த வேலைக்கு என்ன படிக்கணும்?"

நாம் சற்றும் யோசிக்காமல் "புவியியல்" என்று பதில் சொன்னோம்.

அவள் எமது சொல்லை நம்பினாள். கலைப் பிரிவில் சேர்ந்து, புவியியலையும் வேறு இரு பாடங்களையும் எடுத்து, 2017இல் உயர்தரம் எழுதி நல்ல பெறுபேறும் பெற்றாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப எம்மிடம் வந்த அன்றுதான், அவள் கேட்டது புவியியலை அல்ல, புவிச்சரிதவியலை என்பது எமக்கு உறைத்தது. பாறையும் கனியமும் நிலத்தடி நீரும் மலைச்சரிவும் அதற்குள்ளேயே அடங்கும். அது விஞ்ஞான பீடத்துப் படிப்பு. கலைப் பிரிவில் தேறியவருக்கு அந்த வாயில் திறப்பதில்லை. சாதாரணதரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமைச் சித்தி பெற்றிருந்தவளை, ஒரேயொரு சொல்லால் வேறு பாதையில் அனுப்பிவிட்டோம். அவள் எம்மை நோகவில்லை. "பரவாயில்ல ஃபாதர், மெப்புப் பாக்கவாவது வருமே" என்றாள். அந்தப் பதிலே எம்மை இன்றுவரை உறுத்துகின்றது.

இரு பெயர்களும் ஒலியில் நெருங்கியிருப்பது பாதிக் காரணம். தமிழ்நாட்டுப் புத்தகங்கள் இதனை நிலவியல் என்றும் மண்ணியல் என்றும் எழுதுவதால் குழப்பம் கூடுகின்றது. மறுபாதிக் காரணம், உயர்தரத்தில் இப்படியொரு பாடமே இல்லாமை. பாடசாலையில் பெயரே கேட்டிராத ஒரு படிப்புக்குப் பதினாறு வயதில் எப்படி ஆயத்தம் செய்வது? கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகராக எல்லோரும் அறிவர். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர் என்பதும், 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனியவள அளவையைத் தலைமையேற்று நடத்தியவர் என்பதும் எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? எமக்கும் அதுவரை தெரியாதுதான்.

ஆகவே விண்ணப்ப ஆயத்தம் என்பது படிவம் வெளிவரும் நாளில் தொடங்குவதல்ல. சாதாரணதரப் பெறுபேறு வந்து, எந்தப் பிரிவு என்று தீர்மானிக்கும் அந்த இரண்டு வாரங்களிலேயே அது பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. புவிச்சரிதவியலை விரும்பும் பிள்ளை கணிதப் பிரிவிலோ உயிரியல் விஞ்ஞானப் பிரிவிலோ சேரவேண்டும். எந்தப் பிரிவானாலும் இரசாயனவியலைக் கைவிடவேண்டாம் என்பதே எமது ஆலோசனை. கனியம் என்பது இரசாயனம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, துளைகளில் அழுத்தம் கூடி, மண்துணிக்கைகளின் பிடிமானம் தளர்ந்து, உக்கிய மேற்படை அடியிலுள்ள கடும்பாறையின்மேல் வழுக்குவது பௌதிகம். மலைச்சரிவைப் படிக்க இரண்டும் வேண்டும்.

தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மிகவும் அரிது. பட்டணத்துக்குப் போகவேண்டும், பஸ் செலவு, அறைவாடகை, டியூசன் காசு எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தின் கைக்காசைத் தின்றுவிடும். இதனை எழுதுவது எளிது. கொழுந்தின் நிறைக்குக் கணக்குப் பார்க்கும் தாய்க்கு அது எளிதல்ல.

அந்த மாணவியின் அடுத்த லயத்துப் பையன் ஒருவன், அவளுக்கு ஒரு வருடம் பின்னால் வந்தவன், கணிதப் பிரிவில் படித்தான். அவன் புவிச்சரிதவியலைத் தேடிப் போனவனல்லன். அவள்தான் அவனிடம் இதைப்பற்றிப் பேசியிருக்கிறாள். கொழும்பிலுள்ள மாமா வீட்டில் தங்கி நல்ல பாடசாலையில் படிக்கலாம் என்று உறவினர் அழைத்தபோது, போகவேண்டாம் என்று நாம் தடுத்தோம். விஞ்ஞானம் சார்ந்த படிப்புகளுக்கான அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுவது நீண்டகால நடைமுறை. பதுளையும் நுவரெலியாவும் அந்தப் பதினாறில் அடங்கும். மாவட்டம் எதுவென்பது பொதுவாகப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலையைக் கொண்டே தீர்மானிக்கப்படும். இடையில் கொழும்புக்குப் போய்விட்டால் கொழும்புப் பிள்ளைகளோடு போட்டியிட நேரலாம்.

2019இன் தொடக்கத்தில் அவனுடைய விண்ணப்பத்தை நிரப்ப மூன்று மாலைப் பொழுதுகள் எமக்குத் தேவைப்பட்டன. முதல் மாலை முழுவதும் பெயரிலேயே கழிந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பரீட்சை அனுமதி அட்டையில் மூன்றாவது மாதிரி. தோட்டத்து உத்தியோகத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் இவ்வாறு தலைமுறைதோறும் வந்து நிற்கின்றன. சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்க நான்கு நாட்கள் சென்றன. விண்ணப்பத்துக்குக் கிடைப்பதே ஒருசில வாரங்கள். இந்த வேலையைப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே முடித்து வைத்தால் எவ்வளவோ நிம்மதி.

இரண்டாம் மாலை கையேட்டோடு கழிந்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு மூன்று மொழிகளிலும் வெளிவருகின்றது, தடித்த நூல். அதில் புவிச்சரிதவியல் என்ற சொல்லைத் தேடி விரலை ஓட்டினோம். படிப்புநெறிகளின் பட்டியலில் அது தனித்து நிற்கவில்லை. நாட்டின் பல்கலைக்கழகங்களில் புவிச்சரிதவியலுக்கெனத் தனித்துறை உள்ளது பேராதனையில் மட்டுமே. பையன் தன் பாடங்களோடு அங்கே நுழையவேண்டிய வாயில் 'பௌதிக விஞ்ஞானம்'. உள்ளே போன பின்னர் முதல் வருடப் பாடங்களுள் ஒன்றாக அதை எடுத்து, நன்றாகச் செய்தால் நான்காண்டுச் சிறப்புப் பட்டம்வரை போகலாம்.

இங்கேதான் இரண்டாவது பொறி இருக்கின்றது. பௌதிக விஞ்ஞானம் யாழ்ப்பாணத்திலும் உண்டு, வந்தாறுமூலையிலும் உண்டு, கொழும்பிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. "தமிழ்ச் சூழல் நல்லது" என்று வந்தாறுமூலையை முதலில் எழுதினால், அங்கு இடம் கிடைக்கும். கல்லைப் படிக்கும் துறை அங்கு இல்லை. பாடத்தின் பெயரும் சரி, பிரிவும் சரி, இடம் மட்டும் பிழை. எமக்குத் தெரிந்த மட்டில் இதனை மாணவருக்கு முற்கூட்டியே யாரும் சொல்வதில்லை. பாடசாலையிலே வழிகாட்டல் ஆசிரியர் இருந்தாலும் மருத்துவம், பொறியியல் என்பவற்றோடு அவரது பேச்சு முடிந்துவிடுகின்றது.

மூன்றாம் மாலை விருப்பு ஒழுங்கில் சென்றது. தெரிந்தவர் ஒருவர் பையனுக்கு உபதேசித்திருந்தார்: "கிடைக்கக் கூடியதை முதல்ல போடு, ஆசைப்படுறதைப் பிறகு போடு." இது பரவலாகச் சொல்லப்படும் தவறான ஆலோசனை. இசட் புள்ளியும் மாவட்டமும் இடம் கொடுக்கும் அளவில், பட்டியலில் மேலே உள்ள விருப்புக்கே பிள்ளை தெரிவு செய்யப்படுகின்றது. மேலே எழுதியது கிடைக்காமற் போனால் கீழுள்ளதற்கான வாய்ப்பு அதனால் குறைவதில்லை. ஆனால் கீழே எழுத வேண்டியதை மேலே எழுதினால் அதுவே கிடைத்துவிடும். அதற்கும் கீழே எழுதிய ஆசை பார்க்கப்படாமலே போகும். இதைப் பையனின் தாய்க்கு விளக்கச் சிரமப்படுவோம் என்று எண்ணினோம். அவரோ, "கடைக்குப் போறப்ப வேணுங்கிற சாமானை முதல்ல கேக்கணும், இல்லேன்னாத்தானே மத்ததைக் கேக்கிறது" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

அவன் எழுதிய ஒழுங்கு இது: மொறட்டுவையில் புவிவளப் பொறியியல், பேராதனையில் பௌதிக விஞ்ஞானம், பதுளையிலேயே இருக்கும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் கனியவளமும் தொழில்நுட்பமும், அதன் பின்னரே ஏனையவை. படிப்புநெறிகளின் பெயரும் தகைமைகளும் காலத்துக்குக் காலம் மாறுவதால், இப்பட்டியலை யாரும் அப்படியே பார்த்து எழுதவேண்டாம். தத்தம் ஆண்டுக்குரிய கையேட்டைப் புரட்டவேண்டும். முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளியைக் கண்டு மனம் தளரவும் வேண்டாம். அது ஆண்டுதோறும் ஏறி இறங்குவது.

அவனுக்கு இரண்டாவது விருப்பு கிடைத்தது.

அதோடு கஷ்டம் தீர்ந்தது என்று எழுத எமக்கு ஆசைதான். படிப்பு ஆங்கிலத்தில். முதல் வருடம் விரிவுரையில் பாதி விளங்கவில்லை என்று அவன் அழாக்குறையாகச் சொன்னான். மகாபொலப் பணம் தாமதித்த மாதங்களில் நண்பர்களின் சோற்றுப் பார்சலைப் பங்கிட்டுச் சாப்பிட்டிருக்கிறான். உயர்தரப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகம் திறப்பதற்கும் இடையில் மாதக்கணக்கில் காலம் கிடைக்கின்றது. அதனை அவன் மேசன் உதவியாளாகப் போய்க் கழித்தான். ஆங்கில வகுப்புக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பது எமக்குப் பிந்தித்தான் தோன்றியது. எம் பகுதிக் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இந்தப் படிப்பு மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான் அங்குள்ள கிணறுகள் யாவற்றுக்கும் ஊற்று. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் கடும்பாறைக்குள்ளிருந்து வரும் நீரிலுள்ள புளோரைட்டு பிள்ளைகளின் பற்களில் கறையாகத் தெரிகின்றது. புல்மோட்டை மணலில் இல்மனைற்று. எங்கள் மக்களின் காலுக்குக் கீழேயுள்ள இவற்றைப்பற்றி அறிக்கை எழுதுவோரில், அந்த மக்களின் மொழியிலேயே அதை வாசித்துக் காட்டக்கூடியவர்கள் எத்தனை பேர்? மீரியபெத்தையிலும் ஆபத்து பற்றி முன்னரே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது என்பதை நினைக்கையில் இக்கேள்வி கனக்கின்றது.

விடுமுறையில் அவன் வீட்டுக்கு வந்தபோது, மேல்லயத்துக்குப் பின்னாலுள்ள வெடிப்பைக் காட்ட ஆட்கள் கூட்டிப் போனார்கள். ஆபத்தா இல்லையா என்று அவன் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தனக்கு இன்னும் தகுதியில்லை என்றான். ஆனால் பழைய கான் அடைபட்டு, மழைத்தண்ணீர் முழுவதும் அந்த வெடிப்புக்குள் இறங்குவதைக் காட்டி, முதலில் அதை வெட்டித் திருப்பச் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் மண்வெட்டியோடு போனோம்.

அந்த மாணவி புவியியல் பட்டதாரியாகி, இப்போது ஆசிரியை. அவளுடைய பதினோராம் வகுப்பறைச் சுவரில் பெரிய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கின்றது. இடப்பக்கம் புவியியல், வலப்பக்கம் புவிச்சரிதவியல். ஒவ்வொன்றின் கீழும் உயர்தரத்தில் எடுக்கவேண்டிய பாடங்கள். பிரதி வேண்டிய ஆசிரியர்கள் எமது நிலையத்துக்கு எழுதினால் அனுப்பி வைப்போம்.