விலையும் நினைவும்

மட்டக்களப்பு வாவிக்கும் கீழைக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த காத்தான்குடி, வணிகத்தாற் பெயர்பெற்ற ஊராகும். அதன் கடைத்தெருவிற் பொருள் வாங்கி மீளும் ஒருவரை வழியில் நிறுத்தி, சீனியின் விலையை வினவினாற் செவ்விய விடை கிடைக்குமா? கிடைக்கும் என்றே பலரும் எண்ணுவர். ஆராய்ச்சி வேறு கூறுகின்றது.

டிக்சன், சோயர் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்கப் பேரங்காடிகளில் நிகழ்த்திய ஆய்வொன்றை 1990ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பொருளைத் தள்ளுவண்டியில் இட்ட அரை நிமிடத்துள் அதன் விலையை வினவியபோது, சரியாக விடையிறுத்தோர் பாதிக்கும் குறைந்தோரே. விலை குறைக்கப்பட்ட பொருளை வாங்கியோரிலும் பாதிக்கு மேற்பட்டோர் அக்குறைப்பை அறிந்திலர்.

ஆயின் மக்கள் விலையறியாதவர் எனல் பொருந்தாது. மனம் இலக்கத்தை மறப்பினும் வழமையின் எல்லையை எளிதில் மறப்பதில்லை. விலையைச் சொல்ல இயலாதவரும், 'இது கூடுதல்' என உடன் உணர்வர். நாடோறும் உண்ணும் பொருளில் இவ்வுணர்வு மிகக் கூரியது. இலங்கை வரலாறே இதற்குச் சான்று. 1953ஆம் ஆண்டிற் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலிற் கொந்தளித்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். ஒரே பொருள், ஒரே விலை, ஒரே நாளில் மாற்றம். ஆதலின் அது எவர் கண்ணுக்குந் தப்பவில்லை.

2022ஆம் ஆண்டின் நிலை வேறு. அவ்வாண்டு செப்டம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டினும் 69.8 வீதம் உயர்ந்திருந்தது. பல பொருள்களின் விலையும் அடுத்தடுத்து மாறுங்கால், பழைய விலை அளவுகோலாகாது. புதிய விலையோ மனத்திற் பதியுமுன்னரே பழையதாகிவிடும். நியாயம் எது, மிகை எது எனப் பிரித்தறியும் ஆற்றல் அப்பொழுது தளர்கின்றது.

இத்தளர்ச்சியால் மிகுதியும் நலிவோர் வறியோரே. கிலோக் கணக்கில் வாங்குபவர் விலையேற்றத்தைக் காசிற் காண்பர். 'நூறு ரூபாய்க்குப் பருப்பு' எனக் கேட்பவருக்கோ கொடுக்குங் காசு மாறுவதில்லை, பொட்டலமே சிறுக்கின்றது. நிறை குறைந்தமை கடையிற் புலப்படாது, அடுப்படியிலேயே புலப்படும்.

ஆதலின் விலையை மட்டுமன்றி நிறையையுஞ் சேர்த்துக் குறித்துவைத்தல் வேண்டும். வீட்டுக் கணக்கேட்டில் நாடோறும் எழுதும் ஒரு வரி, மறதிக்கு மருந்தாகும். ஏழைக்கோ அதுவே காவலுமாகும்.