சிகரத்தில் மணி 11-30!

கைக்கடிகாரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மாப்பிள்ளைக்கு மாமனார் போட்ட கடிகாரமா? அல்லது பள்ளிக்கூட வேன் வருவதற்குள் டிபன் டப்பாவை மூடியாக வேண்டுமே என்று அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறீர்களே, அந்தச் சுவர்க் கடிகாரமா?

விம்கோ நகரில் என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஞாபகம் வருவது சங்குதான். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே ஊர்ப் பெயராகக் கொண்ட இடம் அல்லவா? திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை தொழிற்சாலைகள் வரிசையாக நின்ற காலத்தில், சங்கு ஊதினால் ஷிப்டு ஆரம்பம்; மறுபடியும் ஊதினால் உலையில் அரிசி. "எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் கையிலே கடிகாரம் கட்டினதே இல்லை. ரிட்டயரான அன்னிக்குத்தான் ஒண்ணு கொடுத்து அனுப்பிச்சாங்க. இனிமே மணி பார்த்து என்னம்மா ஆகணும்?" என்று சொல்லிச் சிரிப்பார் அக்கா. அந்தக் கடிகாரம் இப்போது பீரோவில் இருக்கிறது. தினம் காலையில் அக்காதான் அதற்குச் சாவி கொடுக்கிறார்.

அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு விளம்பரத்தைப் பார்த்து அயர்ந்து போனார். பளபளவென்று ஒரு கைக்கடிகாரம். பின்னால் பனி மூடிய மலை. விலையோ லட்சக் கணக்கில். "ஏம்மா, மலை ஏறுறவனுக்கு மணி எதுக்கு? பஸ் பிடிக்கணுமா, ஷிப்டுக்குப் போகணுமா?" என்றார்.

கேள்வி வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு போயிற்று.

1953-ம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி. எவரெஸ்டின் தோளில், ஏறக்குறைய 27,900 அடி உயரத்தில் ஒரு சின்னக் கூடாரம். உள்ளே இரண்டு பேர். ஒருவர் டார்ஜிலிங்வாசியான ஷெர்ப்பா டென்சிங் நார்கே. மற்றவர் நியூஜிலாந்தில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்த எட்மண்ட் ஹில்லாரி. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பார்த்தால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 27 டிகிரி!

அங்கே ஒரு சங்கடம். டென்சிங் அநுபவசாலி; பூட்ஸைக் கழற்றாமலே படுத்துவிட்டார். ஹில்லாரி கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினார். காலையில் அது கல்லாகி உறைந்து கிடந்தது. என்ன செய்வது? நாம் அப்பளம் வாட்டுவது போல, ஸ்டவ் நெருப்பில் காட்டிக் காட்டி அதை இளக வைத்தார். இருவரும் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது மணி 6-30.

9 மணிக்குத் தெற்குச் சிகரத்தை அடைந்தார்கள். உண்மையான சிகரம் அதற்கும் அப்பால், கத்தி முனை போன்ற ஒரு பனி விளிம்பின் கோடியில் இருந்தது. அங்கே நின்று ஹில்லாரி ஒரு கணக்குப் போட்டார். முதல் பிராண வாயுப் புட்டி தீர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு முழுப் புட்டிதான் பாக்கி. அதில் 800 லிட்டர். நிமிஷத்துக்கு 3 லிட்டர் செலவு. நீங்களே வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட நாலரை மணி நேரம் வரும். போகவும் அதுதான், திரும்பவும் அதுதான்.

மளிகைச் சாமான் மாதக் கடைசி வரை வருமா என்று நாம் போடுகிற கணக்கு மாதிரிதான் இதுவும். நமக்குக் குறைந்தால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கலாம். அவர்களுக்கு உதவக்கூடியவை, திரும்பும் வழியில் முந்தின கோஷ்டி விட்டுப் போயிருந்த இரண்டு புட்டிகள் மட்டுமே. அவை இருக்கும் இடம் வரையிலாவது உயிரோடு இறங்கி வந்தாக வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், மலை ஏறுகிறவனுக்கு மணி எதற்கு? புட்டியில் இருக்கும் காற்றை நிமிஷத்தால் அளக்கத்தான். கடிகாரம் நின்று போனாலோ, அரை மணி தவறாகக் காட்டினாலோ கணக்கே தப்பிவிடும். அந்த உயரத்தில் மூளையும் மந்தமாகிவிடுமாதலால் உத்தேசமாகச் சொல்வதை நம்புவதற்கில்லை.

முந்தின கோஷ்டி என்றேன் அல்லவா? போர்டில்லன், எவன்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். மூன்று நாள் முன்பு, 26-ந் தேதி, இதே தெற்குச் சிகரத்துக்கு வந்து நின்றார்கள். உயரக் கணக்கில் இன்னும் சுமார் 300 அடிதான். ஆனால் மணி பிற்பகல் 1 ஆகிவிட்டது. போய்த் திரும்பக் காற்றும் போதாது, பகலும் போதாது. திரும்பி விட்டார்கள். உலகத்தின் உச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு, மணியையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்களே, அதற்கு எத்தனை நெஞ்சுறுதி வேண்டும்! உச்சியை எட்டியவர்களைக் காட்டிலும் எனக்கு இந்த இருவர் மீதுதான் மதிப்பு அதிகம். 1996-ல் மே மாதம் 10-ந் தேதி பலர் இந்தக் கட்டுப்பாட்டை மீறி, பிற்பகல் 2 மணிக்கு மேலும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். புயல் வந்தது. எட்டுப் பேர் மாண்டார்கள்.

டென்சிங்கும் ஹில்லாரியும் வழியில் ஒரு கண்டத்தைத் தாண்டினார்கள். டென்சிங்குக்குத் திடீரென்று மூச்சுத் திணறியது. பார்த்தால், சுவாசக் குழாயில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தது! ஹில்லாரி அதைத் தட்டி எடுத்தார். இன்னும் கொஞ்சம் ஏற்றம். பிறகு ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. ஹில்லாரி மணியைப் பார்த்தார். 11-30. உச்சியில் அவர்கள் இருந்தது சுமார் 15 நிமிஷம். டென்சிங், தம் மகள் நீமா கொடுத்தனுப்பிய சிவப்பு நீலப் பென்ஸிலையும் கொஞ்சம் மிட்டாயையும் பனியில் வைத்தார். குழந்தை கொடுத்ததை உலகத்தின் உச்சி வரை பத்திரமாகக் கொண்டுபோன தகப்பன்!

சரி, ஹில்லாரி மணி பார்த்தது எந்தக் கடிகாரத்தில்? இங்கேதான் கம்பெனிகளுக்குள் போட்டி. இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் கம்பெனி, ஹில்லாரி தங்கள் கடிகாரத்தைத்தான் சிகரத்துக்குக் கொண்டுபோனார் என்று அவர் வாக்கையே போட்டு விளம்பரம் செய்தது. அந்தக் கோஷ்டிக்கு ஸ்விட்ஜர்லாந்தின் ரோலெக்ஸ் கம்பெனியும் கடிகாரங்கள் கொடுத்திருந்தது. அதுவும் விளம்பரம் செய்தது. அதே 1953-ல் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில் ஒரு கடிகாரத்தை விற்கவும் ஆரம்பித்தது. அக்கா பார்த்த விளம்பரம் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். ஹில்லாரியின் ஸ்மித்ஸ் கடிகாரம் இன்று லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் உள்ள கடிகார மியூசியத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது.

மலைக்கென்று கடிகாரத்தில் என்ன விசேஷம் என்கிறீர்களா? குளிரில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் உறைகிறதே, அதுபோலக் கடிகாரத்துக்குள் போட்ட எண்ணெயும் இறுகிவிடும், சக்கரங்கள் தயங்கும். உள்ளே துளி ஈரம் புகுந்தாலும் வினை. ரோலெக்ஸ் 1926-ல் தண்ணீர் புகாத கூட்டைச் செய்தது. 1927-ல் மெர்சிடஸ் கிளைட்ஸ் என்ற லண்டன் டைப்பிஸ்ட் பெண், இங்கிலீஷ் கால்வாயில் இறங்கியபோது அப்படி ஒரு கடிகாரத்தை அணிந்திருந்தாள். பத்து மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த நீரில் நீந்தி, அந்தப் பெண் களைத்துப் படகில் ஏற்றப்பட்டாள். கடிகாரம் களைக்காமல் ஓடிற்று! கம்பெனிக்காரர்கள் லண்டன் பத்திரிகையின் முதல் பக்கத்தையே வாங்கி அதை விளம்பரம் செய்தார்கள். 1931-ல் கை அசைவாலேயே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. பனிமலையில் அது பெரிய உபகாரம். சாவி கொடுப்பதற்காகக் கையுறையைக் கழற்றினால் விரல் போய்விடலாமே!

சுற்றி வளைத்துப் பார்த்தால் இந்த மலைக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. இந்தியாவை அளக்க லாம்டன் துரை 1802-ல் சங்கிலி பிடித்தது நம் பரங்கிமலையின் அடிவாரத்தில்தான். அவருக்குப் பின் அந்த வேலையை ஏற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் பெயரைத்தான் 1865-ல் சிகரத்துக்கு வைத்தார்கள்.

கடிகாரத்தில் மட்டும் நாம் வெகு காலம் பிறர் கையைத்தான் எதிர்பார்த்திருந்தோம். டென்சிங் சிகரம் ஏறிய வருஷத்தில் நம் நாட்டில் கைக்கடிகாரத் தொழிற்சாலை கிடையாது. 1961-ல்தான் பெங்களூரில் ஹெச்.எம்.டி. கடிகாரம் பிறந்தது. 1980-களில் நம் ஓசூரில் டைட்டன் வந்தது.

பெண்கள் இந்தக் கதையில் எங்கே என்று கேட்பீர்கள். 1975-ல் ஜப்பானின் ஜுன்கோ தாபெய் எவரெஸ்டில் ஏறிய முதல் பெண் ஆனார். 1984 மே 23-ந் தேதி நம் பசேந்திரி பால் உச்சியில் கால் வைத்தார். மணி பிற்பகல் 1-07. நிமிஷம் கூடத் தவறாத கணக்கு! 2023 மே மாதத்தில் நம் தமிழ்நாட்டு முத்தமிழ்ச்செல்வியும் ஏறிவிட்டார்.

இத்தனையையும் அக்காவுக்குச் சொன்னேன். டென்சிங் அன்றைக்கு என்னென்ன உடுத்தியிருந்தார் என்பதையும் சொன்னேன். அவரே அதைச் சொல்லி வைத்திருக்கிறார். பூட்ஸ் ஸ்விஸ்காரர்கள் கொடுத்தது. ஸ்வெட்டர் ஒரு ஆங்கிலேய அம்மாள் கொடுத்தது. கழுத்தில் சிவப்பு ஸ்கார்ப், அவருடைய சிநேகிதர் லாம்பெர்ட் தந்தது. அதற்கு முந்தின வருஷம் இந்த லாம்பெர்ட்டும் அவரும், ஸ்டவ் இல்லாமல், படுக்கைப் பை இல்லாமல், சிகரத்துக்குச் சற்றுக் கீழே ஓர் இரவைக் கழித்தார்கள். ஒரு மெழுகுவத்திச் சுடரில் பனியை உருக்கித் தாகம் தீர்த்துக்கொண்டார்கள். மறுநாள் ஏறி, முடியாமல் திரும்பினார்கள். ஜெனீவாக்காரரான லாம்பெர்ட்டுக்கு ஏற்கெனவே பனியில் கால் விரல்கள் போயிருந்தன. அந்த மனிதரின் ஸ்கார்ப்தான் மறு வருஷம் உச்சியைப் பார்த்தது. டென்சிங்கின் காலுறையோ, மனைவி ஆங் லாமு தம் கையால் பின்னியது.

மெழுகுவத்தி விஷயத்தைக் கேட்டதும், "தீப்பெட்டி நமுத்துப் போகாம இருந்துச்சே!" என்றார் அக்கா. விம்கோ நகர்க்காரர் வேறு என்ன சொல்வார்? பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

"ஏம்மா, கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டியிலே வச்சாங்கன்னு சொன்னியே, அந்தப் பொம்பளை பின்னின காலுறையை வச்சாங்களா?"

நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள், "ஐயோ, மணி என்னாச்சும்மா? தண்ணி லாரி வர்ற நேரம்!" என்று குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.