தகட்டிலே சீழ் பிடிக்குமா?

எங்கள் வட்டாரத்தில் ‘மருந்து’ என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று டாக்டர் கொடுப்பது. மற்றொன்று பட்டாசுக்குள் அடைப்பது. என் மாமியார் (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) காரியாபட்டிக்கு வருமுன் சிவகாசிப் பக்கம் பல வருஷம் திரி வேலை பார்த்தவர். “மருந்துகிட்ட நெருப்பக் காட்டாதே” என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. சூடு பட்டால் கெட்டுப்போகும் மருந்தின் மேலேயே லேசர் ஒளியைப் பாய்ச்சி அதைப் பத்திரமாக இடம் மாற்றுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? அத்தை நம்பவில்லை. நானும்தான்!

2019 ஐப்பசி மழையில் அத்தை முற்றத்தில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிவு. மதுரையில் ஆபரேஷன் செய்து தகடும் ஸ்குரூவும் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் தையல் போட்ட இடத்தில் லேசான கசிவு.

“ஒண்ணுமில்ல தாயி, மஞ்சப் பத்துப் போடு, ஆறிடும்” என்றார். நானும் போட்டேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பத்து நாள்! பதினோராம் நாள் குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. சர்க்கரை வேறு ஏறிக் கிடந்தது. மறுபடி ஆபரேஷன், தகட்டை எடுத்துச் சுத்தம் செய்து, பிறகு வேறு வைத்து, எட்டு மாதம் படுக்கை. அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

“தகட்டுக்கு உசுரா இருக்கு? அதுல எப்படிச் சீழ் பிடிக்கும்?” என்று அத்தை கேட்டார்.

உயிர் இல்லாததுதான் காரணம் என்றார் டாக்டர். தகட்டுக்குள் ரத்தம் ஓடாது. அதனால் உடம்பின் காவல்படை அங்கே சரியாக எட்டாது. கிருமி முந்திக்கொண்டு ஒட்டிவிட்டால், தண்ணீர்த் தொட்டியில் பாசி படிவது போல வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்ளும். மாத்திரையும் ஊசியும் அதை லேசில் துளைக்காது.

“அப்ப அது கட்டுறதுக்கு முன்னால நாம ஒண்ணக் கட்டிட வேண்டியதுதானே?” என்றார் அத்தை.

படிக்காத அத்தை கேட்ட இதே கேள்வியைத்தான் விஞ்ஞானிகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். பௌதிகம் படித்த என் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது விளக்கினான்.

லேசர் துடிப்பால் ஒரு பொருளை ஆவியாக்கி, எதிரே உள்ள தட்டில் மெல்லிய படலமாகப் படிய வைக்கும் முறை 1965-லேயே சோதிக்கப்பட்டது. 1987-ல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் டி. வெங்கடேசன் என்ற நம் நாட்டு விஞ்ஞானியும் அவர் குழுவினரும் இதில் மிகை மின்கடத்திப் படலம் செய்து காட்டிய பிறகு, உலகமே திரும்பிப் பார்த்தது. எலும்பில் உள்ள சுண்ணாம்பு உப்பைக்கூட உலோகத்தின் மேல் இப்படிப் படிய வைக்கலாம்.

“ஆனா சித்தி, புரதத்தை இப்படிச் செய்ய முடியாது. முட்டையின் வெள்ளைக் கருவை வாணலியில ஊத்தினா என்ன ஆகும்?”

“வெந்து கட்டியாயிடும்.”

“மறுபடி பழைய மாதிரி ஆகுமா?”

ஆகாதே! கொலாஜன், என்சைம் போன்ற மென்மையான பொருள்களின் கதியும் அதுதான்.

இதற்கு 1990-களின் பிற்பகுதியில் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வழி கண்டார்கள். பாலை நேராக அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் காய்ச்சுகிறோம் இல்லையா? சூட்டின் கடுமையைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அது போலத்தான். நூறு பங்கு திரவத்தில் ஒரு பங்கு அளவுக்கே மருந்தையோ புரதத்தையோ கரைத்து, திரவ நைட்ரஜனால் ஐஸ் கட்டியாக உறைய வைக்கிறார்கள். காற்றை வெளியேற்றிய அறைக்குள் அதன் மேல் லேசர் துடிப்பு விழுகிறது. ஒரு துடிப்பின் நேரம், ஒரு விநாடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் அதில் சில பங்குதான். சூட்டில் பெரும் பகுதியை ஐஸே வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. அந்த ஆவியோடு கிளம்பும் மருந்து, எதிரே உள்ள உலோகத்தில் போய் மெல்லப் படிகிறது. ஆவியைப் பம்பு உறிஞ்சிவிடுகிறது.

“முக்கி எடுத்தாப் போதாதா?” என்றேன்.

“முக்கினா ஒரு இடத்துல தடிப்பா, ஒரு இடத்துல மெலிசா இருக்கும். இரண்டாம் தடவை முக்கினா முதல் பூச்சு கரையலாம். இதுல துடிப்பை எண்ணியே கனத்தைத் தீர்மானிக்கலாம், சித்தி” என்றான். தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லிய படலம் அது. ருமேனியாவில் மகுரேலே என்ற ஊரில் உள்ள தேசிய லேசர் நிறுவனத்தில் இந்த ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கிறது.

உடனே டாக்டரிடம் போய், “அந்த லேசர் பூச்சுத் தகடு இருக்கிறதா?” என்று கேட்டுவிடாதீர்கள், சகோதரிகளே! இது பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. அதுவரை காவல் நம் கையில்தான். வீட்டில் யாருக்காவது தகடோ செயற்கை மூட்டோ வைத்திருந்தால், தையல் போட்ட இடத்தைத் தினம் பாருங்கள். கசிவு, சிவப்பு, வீக்கம், அதிகமாகும் வலி, காய்ச்சல் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சளோ பச்சிலையோ வேண்டவே வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். முற்றத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

அத்தை இப்போது கம்பு ஊன்றிக் கோவில் வரை போய் வருகிறார். யாருக்காவது ஆபரேஷன் என்று கேள்விப்பட்டால் முதலில் போய் அவர் சொல்வது: “மஞ்சப் பத்து மட்டும் போட்றாதீங்க!”