டிரைவர் வைக்கும் பெயரில் நினைவக முகவரி எதற்கு?

லினக்ஸ் டிரைவர் எழுதுவோரில் சிலரை ஒரு பழக்கம் விடவே மாட்டேன் என்கிறது. ஒரே வகைச் சாதனம் இரண்டு இருந்தால், கெர்னலின் நினைவகத் தொகுப்பான ஸ்லாப் கேஷ் போன்றவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டும். உடனே பாயின்டரை அச்சிடும் '%பி' குறியீட்டைப் போட்டுப் பாயின்டரையே பெயரோடு ஒட்டிவிடுகிறார்கள். முகவரி மோதாது, பெயரும் மோதாது. அந்தப் பெயரை யாரெல்லாம் படிப்பார்கள் என்ற யோசனைதான் இல்லை.

கெர்னலின் நெட்வொர்க் வடிகட்டியான நெட்ஃபில்டரில் நடந்தது இதுதான். ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் அதன் கெர்னல் முகவரியைச் சேர்த்து ஸ்லாப் பெயர் வைத்திருந்தார்கள். '/சிஸ்' அடியில் அது கோப்புறைப் பெயராகவே தெரிந்தது. 2016 மே மாதம், கெர்னலின் 4.6 பதிப்பு வெளிவரும் தறுவாயில், லினஸ் டோர்வால்ட்ஸே முகவரியை எடுத்துவிட்டு 64 பிட் கவுன்டரை வைத்தார்.

"கோப்பைத் திறக்க அனுமதியே இல்லையே" என்று சமாதானம் சொல்வார்கள். உள்ளடக்கத்துக்குத்தான் அந்தப் பூட்டு, பெயருக்கு அல்ல. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் கெர்னலை இடம் மாற்றி ஒளித்துவைக்கும் கேஏஎஸ்எல்ஆர் ஏற்பாட்டை, வாசலில் எழுதிவைத்த ஒரு முகவரி பாழாக்கிவிடலாம்.

4.15 முதல் '%பி' ஹாஷ் மதிப்பைத்தான் அச்சிடுகிறது. அதை நம்பியும் பெயர் வைக்க வேண்டாம். 64 பிட் இயந்திரத்தில் அதில் 32 பிட்தான் மிஞ்சும், மோதல் வரலாம். கணினி தொடங்கும் வேளையில், ஹாஷ் சாவி தயாராகும் முன், எல்லாப் பாயின்டருக்கும் ஒரே நிரப்புச்சொல்தான் வரும். அப்புறம் "ஒரே பெயர் இரண்டு முறை" என்று, '/சிஸ்'ஐ நடத்தும் சிஸ்எஃப்எஸ் கத்தும். ஹாஷ் உதவவில்லை என்று '%பிஎக்ஸ்'ஸுக்குத் தாவுவதோ சுத்த அநியாயம்: அது அசல் முகவரியை அப்படியே கொட்டும்.

வழி எளிது. சாதனத்துக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. 'டெவ்_நேம்' அதைத் தரும். போதாதென்றால் 'ஐடிஏ_அலாக்' மூலம் ஓர் எண் வாங்கலாம். சாதனம் நீங்கும்போது 'ஐடிஏ_ஃப்ரீ'யை அழைக்க வேண்டும்; பலர் மறப்பது இதைத்தான். எண்ணைத் திருப்பித்தரும் தொல்லை வேண்டாமென்றால், நெட்ஃபில்டரைப் போல ஏறிக்கொண்டே போகும் 64 பிட் கவுன்டர் போதும்.

ஓடும் கெர்னலைச் சோதிக்க, அதன் மூலநிரலிலேயே 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையில் 'லீக்கிங்_அட்ரஸஸ்' என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதைச் சாதாரணப் பயனராக ஓட்டுங்கள். ரூட்டாக ஓட்டினால் மற்றவர் கண்ணில் படுவது எது என்று தெரியாது. கசிவு அகப்பட்டால், 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் காட்டும் பராமரிப்பாளருக்குத் திருத்தத்தை அனுப்ப வேண்டும். பிழையைக் கொண்டுவந்த கமிட்டை 'ஃபிக்ஸஸ்' வரியில் குறிப்பிடுங்கள். ஸ்டேபிள் குழுவுக்கான 'சிசி' வரியையும் விடாதீர்கள். 'இப்போது ஹாஷ்தானே' என்று கசிவை விட்டுவிட வேண்டாம்: 4.15க்கு முந்தைய கெர்னல் ஓடும் சாதனங்களில் '%பி' இன்றும் அசல் முகவரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.