ஏஐஎம்-120 அம்ராம்

ஏஐஎம்-120 அம்ராம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட, போர் விமானங்களிலிருந்து ஏவப்படும் நடுத்தூர வான்-வான் ஏவுகணை ஆகும். "மேம்பட்ட நடுத்தூர வான்-வான் ஏவுகணை" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அம்ராம் என்ற பெயராயின. ஹியூஸ் நிறுவனம் வடிவமைத்த இது 1991 இல் அமெரிக்க வான்படையில் சேர்க்கப்பட்டது. பின்னர் தயாரிப்பு ரேத்தியான் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளமும், 18 சென்டிமீட்டர் விட்டமும், 150 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையும் உடையது. ஒலியைப் போல் நான்கு மடங்கு வேகத்தில் செல்ல வல்லது.

பின்னணி

இதற்கு முன் இப்பணியைச் செய்தது ஏஐஎம்-7 ஸ்பாரோ. ஸ்பாரோவிடம் ரேடார் அலைபரப்பி கிடையாது. ஏவிய விமானத்தின் ரேடார் அலைகள் இலக்கில் பட்டுத் தெறிப்பதை உணர்ந்து அது பறக்கும். இருட்டில் ஒருவர் திருடன் மீது கைவிளக்கைப் பிடித்திருக்க, மற்றவர் அவ்வெளிச்சத்தை நோக்கி ஓடுவது போன்றது இது. விளக்கு விலகினால் ஓடுபவருக்கு வழி தெரியாது. ஆகவே ஏவுகணை சென்று சேரும் வரை விமானி தன் விமானத்தின் முகப்பை எதிரியை நோக்கியே வைத்திருக்க வேண்டும். அதாவது, எதிரியின் ஏவுகணையை நோக்கியும் பறந்துகொண்டிருக்க வேண்டும். வியட்நாம் போரில் ஏவப்பட்ட ஸ்பாரோக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே இலக்கை வீழ்த்தியது.

செயற்படும் முறை

அம்ராம் தன் கைவிளக்கைத் தானே சுமந்து செல்கிறது. எனினும் அதைத் தொடக்கத்திலேயே ஏற்றுவதில்லை. 18 சென்டிமீட்டர் குழாய்க்குள் அடங்கும் சிறிய ரேடாரால் நெடுந்தொலைவு பார்க்க இயலாது என்பதோடு, அதன் அலைகள் எதிரியை எச்சரித்துவிடும் என்பதும் காரணம். எனவே முதற்கட்டத்தில், ஏவும்போது அளிக்கப்பட்ட கணிப்பையும் தன் அசைவை உணரும் கருவிகளையும் கொண்டு அது பறக்கிறது. இலக்கு திசை மாறினால் ஏவிய விமானம் வானொலி வழியே திருத்தம் அனுப்பும். இலக்கை நெருங்கிய பின்னரே ஏவுகணையின் ரேடார் உயிர் பெறுகிறது. அக்கணம் முதல் விமானி திரும்பிச் செல்லலாம். ஒரே நேரத்தில் பல இலக்குகள் மீது ஏவுவதும் இதனாலேயே இயலுகிறது. நேரடியாக மோத வேண்டியதில்லை. இலக்கை மிக அண்மித்ததும் வெடிமுனை வெடித்துச் சிதறும்.

இதன் தாக்குதொலைவாகப் பல எண்கள் கூறப்படுகின்றன. அவற்றை ஒரு வாகனத்தின் வேக எல்லையைப் போல் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏவூர்திப் பொறி சில நொடிகளே எரியும். எஞ்சிய பயணம் முழுவதும் ஈட்டிய வேகத்தைச் செலவழித்தே நடக்கிறது. உயரத்தில் காற்று மென்மையாதலால் வெகுதொலைவு செல்லும். தாழ்வாகப் பறந்து விலகி ஓடும் எதிரியிடத்தில் அத்தொலைவு பன்மடங்கு சுருங்கிவிடும்.

பயன்பாடு

1992 டிசம்பர் 27 அன்று, தெற்கு ஈராக்கின் பறத்தல் தடை வலயத்தில் எஃப்-16 விமானம் ஒன்று மிக்-25 ஐ வீழ்த்தியதே அம்ராமின் முதல் வெற்றி.

1994 ஏப்ரல் 14 அன்று வடக்கு ஈராக்கில் நிகழ்ந்தது வேறு. இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள், தம் நாட்டின் பிளாக் ஹாக் உலங்குவானூர்திகள் இரண்டை ஈராக்கினுடையவை எனக் கருதிச் சுட்டு வீழ்த்தின. ஒன்றை அம்ராமாலும் மற்றொன்றை சைட்விண்டராலும். அவற்றிலிருந்த 26 பேரும் உயிரிழந்தனர். நட்பு வானூர்தியை மின்னணு முறையில் அறியும் வினவலுக்கு உரிய விடை கிடைக்கவில்லை. அருகே சென்று கண்ணால் பார்த்தும் விமானிகள் தவறாகவே இனங்கண்டனர். வான்வெளியைக் கண்காணித்த அவாக்ஸ் விமானமும் தடுக்கவில்லை. ஏவுகணையோ பிழையின்றி இயங்கியது.

2019 பெப்ரவரியில் பாக்கித்தானுடனான வான்மோதலையடுத்து, இவ்வகை ஏவுகணையின் சிதைவுகளை இந்தியா செய்தியாளர்களுக்குக் காட்டியது. தரையிலிருந்து ஏவும் வடிவம் நோர்வேயின் நாசாம்ஸ் அமைப்பில் உள்ளது. அது 2022 முதல் உக்ரைனில் பயன்படுகிறது. இந்தியாவின் அஸ்திரா, உருசியாவின் ஆர்-77 ஆகியனவும் இறுதிக்கட்டத்தில் தம் சொந்த ரேடாரைக் கொண்டே இலக்கைத் தேடுபவை.