உளப்பகுப்பாளர் ஆவது எப்படி?

நோயாளியைத் தடையின்றிப் பேசவிட்டு, அவரே அறியாத மன ஆழத்தை ஆராய்வது ஃபிராய்டு வகுத்த உளப்பகுப்பாய்வு. இதைக் கற்பவர் முதலில் தம் மனத்தையே ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். தம் கோணலை அறியாதவர் பிறர் மனத்தை நேராகக் காண்பதெப்படி?

சொந்தப் பகுப்பாய்வு, மூத்தவர் மேற்பார்வையில் சிகிச்சை, பாடம் என்னும் மும்முனைப் பயிற்சி 1920-களில் பெர்லினில் உருவாயிற்று. வாரம் நான்கைந்து அமர்வுகள், பல ஆண்டுகள், செலவும் மிகுதி. அமெரிக்காவில் மருத்துவர் அல்லாதார்க்குக் கதவு பெரும்பாலும் அடைபட்டிருந்தது. 1985-இல் உளவியலாளர் நால்வர் தொடுத்த வழக்கிற்குப் பிறகே அது அகலத் திறந்தது.

2017-இல் பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கம், வாரம் மூன்று அமர்வுகளுக்கும் இசைவளித்தது. தொலைவில் வாழ்வோர்க்கும் பொருள் குறைந்தோர்க்கும் இது உதவி. அமர்வுகள் குறையலாம், தன்னை அறியும் முதற்பாடம் மட்டும் குறையலாகாது.